வாக்குக்குப் பிணை நின்றவர்கள்

நாளை வட்டி என்னவாகும் என்று எவருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றின் மேல் இன்று வாக்குக் கொடுப்பது நேர்மையாகுமா? ஓய்வுக்காலத்தில் ஆண்டுதோறும் தொகை தரும் ஆன்யூட்டி பாலிசிகளோடு வரும் உத்தரவாதங்கள் எழுப்பும் அறக்கேள்வி இது. கொடுக்கலாம் என்பதே என் விடை. ஆனால் கணக்குப் பொய்த்தால் சுமை யாருடையது என்பதை அன்றே சொல்லி, அதற்கான பணத்தையும் ஒதுக்கிவைத்தவருக்குத்தான் அந்த உரிமை உண்டு.

லண்டனில் 1762-இல் தொடங்கிய ஈக்விடபிள் லைஃப், பங்குதாரர்களே இல்லாமல் பாலிசிதாரர்களுக்குச் சொந்தமாக இருந்த நிறுவனம். 1957 முதல் 1988 வரை அது விற்ற ஓய்வூதிய பாலிசிகளில், குறைந்தபட்சம் இந்த விகிதத்தில் ஆண்டுத்தொகை உண்டு என்ற உறுதி இருந்தது. 1990-களில் வட்டி சரிந்தது, ஆயுளும் நீண்டது. உறுதியளித்த விகிதம் சந்தையைத் தாண்டிவிட்டது. ஒருவரின் சேமிப்பு 1,00,000 பவுண்டு, உறுதி 10 சதவீதம், சந்தையில் 7 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு ஆண்டுக்கு 10,000 வர வேண்டும். நிறுவனம் கையாண்ட வழியோ வேறு: உறுதியைக் கேட்பவருக்குப் பாலிசி முடிவில் சேர்க்கும் இறுதி போனஸைக் குறைத்துவிட்டால் சேமிப்பு 70,000 ஆகும், அதில் 10 சதவீதம் 7,000தான். விகிதத்தில் கைவைக்காமலே வாக்கைக் காலிசெய்த கணக்கு இது. 2000 ஜூலையில், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை இது செல்லாது என்று தீர்ப்பளித்தது. கொடுத்த உறுதிகளை ஈடுகட்டத் தேவைப்பட்ட சுமார் 150 கோடி பவுண்டு கையில் இல்லை. டிசம்பரில் புதிய பாலிசி விற்பனை நின்றது. 2001-இல் ஓய்வூதிய பாலிசிகளின் மதிப்பு 16 சதவீதம் வெட்டப்பட்டது. அந்த உறுதியைப் பெற்றிராதவர்களின் சேமிப்பும் இதில் போனது. இதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

விவரம் தெரிந்தவர்கள்தானே கையெழுத்திட்டார்கள் என்று கேட்கலாம். அடுத்தவரின் உறுதிக்குத் தாங்கள் பிணை நிற்கிறோம் என்று அறிந்து அவர்களில் பலர் சேரவில்லையே! இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: ஒதுக்கீடு கட்டாயமானால் உத்தரவாதத்தின் விலை ஏறும், எளியவர்களுக்கு எட்டாது. ஏறும்தான். ஆனால் மலிவாகக் கிடைத்தபோதும் அந்த விலையை யாரோ கொடுத்தார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அமெரிக்காவில் ஆன்யூட்டியோடு கூடுதலாக வாங்கும் உத்தரவாதங்களுக்கு (ரைடர்கள்) ஆண்டுதோறும் தனிக்கட்டணம் பிடிக்கிறார்கள். வலிக்கும் கட்டணம்தான், என்றாலும் அது கண்ணுக்குத் தெரிகிறது. சுமையை வெளிப்படையாக்கும் இன்னொரு வழியும் உண்டு. அளவுமீறிய நிச்சயமின்மையை விற்பதை இஸ்லாமியச் சட்டம் ‘கரர்’ என்று தடுக்கிறது. அதனால் தகாஃபுல் என்ற இஸ்லாமியக் காப்பீட்டு முறையில் ஒவ்வொருவரும் தம் சந்தாவின் ஒரு பங்கைப் பிறர் இழப்புக்கான கொடை என்று அறிந்தே பொது நிதியில் இடுகிறார்கள். ஈக்விடபிள் பாலிசிதாரர்களிடம் அந்தச் சம்மதத்தைக் கேட்டிருக்க வேண்டியது 2001-இல் அல்ல, அவர்கள் முதல் தவணை கட்டிய நாளில்.