நேற்றை நம்பி

நாள்தோறும் தவறாமல் ஒரு கடமையைச் செய்கிறவனைப் பொறுப்புள்ளவன் என்கிறோம். அவன் எதன் மேல் நின்றுகொண்டு அதைச் செய்கிறான் என்று யாராவது கேட்பதுண்டா? பழைய கேள்விதான். ஆனால் இன்று நம் வீட்டுக் கம்ப்யூட்டரே அதைக் கேட்கத் தொடங்கியிருக்கிறது.

கரையான்சாவடியில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருபது ஆண்டுப் புகைப்படங்கள், வீட்டுக் கணக்கு, மறைந்துபோன தாயின் குரல், எல்லாம் ஒரு கம்ப்யூட்டருக்குள் இருக்கின்றன. அனைத்தையும் ஒருசேர வேறொரு ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைத்தால் அது முழுப் பிரதி. அதற்கு நேரமும் இடமும் அதிகம் வேண்டும். ஆனால் கம்ப்யூட்டர் பழுதாகும் நாளில் அந்த ஒன்றே போதும். வேறு துணை வேண்டாம்.

இன்னொரு வழியும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் முழுப் பிரதி. திங்களன்று, ஞாயிற்றுக்குப் பிறகு மாறியவை மட்டும். செவ்வாயன்று, திங்களுக்குப் பிறகு மாறியவை மட்டும். இதை ‘இன்கிரிமென்டல் பேக்கப்’ என்கிறார்கள். வேலை விரைவில் முடிந்துவிடும். ஆனால் சனிக்கிழமை காலையில் கம்ப்யூட்டர் கண்ணை மூடிவிட்டால், ஞாயிற்றின் பிரதியும் அதன் பின் வந்த ஐந்து நாள் பிரதிகளும் வரிசை தவறாமல் வேண்டும். புதன் கெட்டிருந்தால் வியாழனும் வெள்ளியும் முழுமை பெறா. ஞாயிறே கெட்டிருந்தால்? ஐந்து நாள் சிரத்தையும் அஸ்திவாரம் இல்லாத மாடிதான்.

முழுப் பிரதி நம் உழைப்பைக் கேட்கிறது. தொடர் பிரதி நம் நம்பிக்கையைக் கேட்கிறது. நேற்றுச் செய்தது சரியாகவே இருக்கும் என்ற நம்பிக்கை அது. நம்பிக்கை இனிமையானதுதான். ஆனால் சோதித்துப் பாராத நம்பிக்கைக்குச் சோம்பல் என்றும் ஒரு பெயர் உண்டு அல்லவா?

ஊர்ப் பெயரைக் காதால் கேட்டாலே ஏட்டைத் தின்னும் கறையான் நினைவுக்கு வருகிறது. நம் முன்னோர் ஓலையின் ஆயுளை அறிந்திருந்தார்கள். ஏடு சிதையத் தொடங்கினால் முழுவதையும் புது ஓலையில் எழுதிக்கொண்டு, பழையதை மரியாதையோடு தீயில் இடுவார்கள். புதுப் பிரதி கையில் இருந்ததால் அதில் நஷ்டம் இல்லை. ஆனால் உ. வே. சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குச் சென்றபோது, கோயில் சுவடிகள் நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் இடப்பட்டுவிட்டன என்ற செய்திதான் அவருக்குக் கிடைத்தது. தம் சுயசரிதையில் அதை எழுதியிருக்கிறார். எரிக்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. எழுதும் வழக்கம் இடையில் எங்கோ அறுந்துபோயிற்று. எரித்தவர்கள் அடாது செய்தவர்கள் அல்லர். சாஸ்திரத்தின்படி கடமையைச் செய்ததாகவே எண்ணியவர்கள். வேதனை அதில்தான் இருக்கிறது.

ஆகையால் அன்றாடம் சேர்த்து வைப்பது வீண் என்று சொல்லலாமா? கூடாது. நாள்தோறும் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க எந்தக் குடும்பத்தாலும் முடியாது. வாழ்க்கையே நேற்றின் மேல் இன்றைச் சிறிது சிறிதாக வைப்பதுதான். ஆனால் மாதத்துக்கு ஒரு முறையாவது முழுப் பிரதி எடுக்க வேண்டும். அதையும் அதே மேஜையில் வைத்தால் பயன் இல்லை. 2015 டிசம்பரில், கரையான்சாவடிக்குத் தொலைவில் இல்லாத செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்த நீரும் பெருமழையும் சேர்ந்து அடையாற்றங்கரை வீடுகளுக்குள் புகுந்தன. மேஜைமேல் இருந்தது எது, அலமாரியில் இருந்தது எது என்று வெள்ளம் பார்க்கவில்லை. ஒரு பிரதி வேறு ஊரில், உறவினர் வீட்டிலாவது இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எடுத்து வைத்ததை அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும். தாயின் குரல் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பது எளிது. உட்கார்ந்து ஒரு தடவை அதைக் கேட்கிறவனே அதைக் காப்பாற்றுகிறவன்.