கயிறு யார் கையில்?

சவ்வாது மலையடிவாரத்துச் சந்தவாசல் பக்கம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறோம் நாம். 'எங்கள் வீடு' என்ற தலைப்பிலே கட்டுரை எழுதி வருமாறு ஒருநாள் கூறினோம். மாடி வீட்டை எழுதினான் ஒருவன். மாந்தோப்பை எழுதினான் மற்றொருவன். ஒரு சிறுவன் மட்டும், ஒரு வீடு இரண்டான கதையை எழுதியிருந்தான்.

அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டனர். பெரியவர்கள் கூடி அத்துவிட்டனர். பாத்திரங்களை எண்ணிப் பார்த்தனர். சீராக வந்த பசு, அம்மா பக்கம் போயிற்று. நிலம் அப்பாவிடம் நின்றது. அவன் அம்மாவுடன் சென்றான். எல்லாம் எழுதியவன் இறுதியிலே எழுதியிருந்தான்: "மணி யாருக்கு என்று யாரும் சொல்லவில்லை, ஐயா."

மணி, அவர்கள் வளர்த்த நாய். கட்டுரைக்கு மதிப்பெண் இட்டோம். அந்த ஒரு வரிக்கு மட்டும் நம்மால் விடை எழுத முடியவில்லை.

நாய்க்கும் ஒரு வழக்கா என நகைப்போர் உண்டு. ஏழைப் பெண் சோற்றுக்கு அலையும் நாட்டிலே, இது சீமான்களின் சிக்கல் என்பர். அந்தக் கோபத்திலே நியாயம் இருக்கிறது. ஆனால் முழு நியாயம் இல்லை. கூரை வீட்டுச் சிறுவனும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறானே!

நீதிமன்றங்களும் கேட்கத் தொடங்கிவிட்டன. 2023-ஆம் ஆண்டு மும்பை பாந்த்ராவிலே, கணவனைப் பிரிந்த பெண் ஒருவர், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்ச் செலவுத்தொகை கோரினார். தம்மை நம்பி மூன்று நாய்கள் இருப்பதையும் குறிப்பிட்டார். நாய்களைக் காட்டிப் பணம் கேட்பதா என எதிர்த்தார் கணவர். நடுவர் அந்த வாதத்தை ஏற்கவில்லை. வளர்ப்பு விலங்குகளும் நல்வாழ்வின் ஒரு பகுதியே. முறிந்த உறவு விட்டுச் சென்ற வெறுமையை அவை நிரப்புகின்றன என்று கருதி, மாதம் 50,000 ரூபாய் இடைக்காலத் தொகையாக வழங்க ஆணையிட்டார். டில்லியிலே நாடாளுமன்ற உறுப்பினர் மகுவா மொய்த்ராவும் வழக்கறிஞர் ஜெய் ஆனந்த் தேகாத்ராயும், மணம் புரியாதவர்களாயினும், 'ஹென்றி' எனும் நாய் யாரிடம் இருக்க வேண்டும் என்று வழக்காடினர்.

சட்டம் என்ன கூறுகிறது? 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தைப் புரட்டுவோம். 26-ஆம் பிரிவு, குழந்தைகளைப் பற்றியது. 27-ஆம் பிரிவு, திருமணத்தின்போது வழங்கப்பட்டு இருவருக்கும் பொதுவாகிய பொருள்களைப் பற்றியது. நாய் குழந்தையும் அன்று, குத்துவிளக்கும் அன்று. இரண்டு பிரிவுகளுக்கும் இடையிலே, வாலைச் சுருட்டியபடி நிற்கிறது!

பொருள்தான் என்று கொண்டால், வழக்கு எளிதாக முடிந்துவிடும். விலை கொடுத்தவன் எவன்? பற்றுச்சீட்டு எவன் பெயரில்? முடிந்தது தீர்ப்பு. ஆனால், கஞ்சி ஊற்றியவள் யார்? உண்ணி பிடுங்கியவள் யார்? மழை இரவிலே சாக்கு விரித்துப் படுக்க வைத்தவள் யார்? அந்த உழைப்புக்குப் பற்றுச்சீட்டு எழுதும் வழக்கம் நம் நாட்டிலே இல்லையே! காகிதத்தை மட்டும் பார்க்கும் நீதி, காசு வைத்திருந்தவன் பக்கமே சாயும். பெரும்பாலான வீடுகளில் அது ஆணின் பக்கம்.

உயிரைப் பொருளாக எண்ணும் நோய் நமக்குப் புதியதன்று. பெண்ணையே 'தானம்' செய்த சமுதாயம் இது. தாரை வார்த்துக் கொடுத்த பொருளுக்கு விருப்பம் ஏது, விலகும் உரிமை ஏது என்று கேட்ட சமுதாயம். 1929-இல் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் வேண்டும் என்றபோது, எத்துணை ஏளனம்! பெண்ணும் நாயும் ஒன்றென்று நாம் கூறவில்லை. அப்படிக் கூறியவர்களை எதிர்த்தவர்கள் நாம். வலியும் அச்சமும் உடைய ஓர் உயிரைக் கண்டால், "இது யாருடைய உடைமை?" என்பது முதற் கேள்வியாகக் கூடாது என்றுதான் கூறுகிறோம்.

அயல்நாடுகள் சில இதை உணர்ந்துவிட்டன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே, 2019 முதல், மணவிலக்கு வழக்குகளில் வளர்ப்பு விலங்கின் பராமரிப்பை எண்ணிப் பார்த்து நீதிபதி முடிவு செய்யலாம். ஸ்பெயின் நாடு 2021-இல் சட்டம் இயற்றி, விலங்குகள் உணர்வுடைய உயிர்கள் என்றது. பிரியும் குடும்பத்தில், சொந்தக்காரர் எவராயினும், விலங்கின் நலனையும் குடும்பத்தாரின் நலனையும் நோக்க வேண்டும் என்றது. நம் நாட்டிலும் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், விலங்கைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் எவரும் அதன் நலம் பேண வேண்டும் என்கிறது. பசியிலும் தாகத்திலும் வாடும்படி தக்க காரணமின்றிக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. ஆகவே, "யாருக்கும் வேண்டாம், தெருவில் விடு" என்பதும் தீர்ப்பாகாது.

இங்கே பேகனை நினைத்துப் பார்க்கிறோம். மயில் குளிரால் நடுங்குகிறது என எண்ணிப் போர்வை ஈந்த வள்ளல் என்று பள்ளியிலே பாடம் சொல்கிறோம். அதே பேகன், தன் மனைவி கண்ணகியைக் கைவிட்டான் என்பதையும், கபிலரும் பரணரும் அவளுக்கு அருள் செய்யுமாறு அவனை இடித்துரைத்ததையும் புறநானூறு சொல்கிறது. அதை நாம் பாடமாகச் சொல்வதில்லை! இரு படிப்பினைகள் இதில் உண்டு. மயிலுக்கு இரங்கும் உள்ளம் மனைவிக்கு இரங்காவிட்டால், அந்த இரக்கம் முழுமையாகாது. மற்றொன்று: இறகு போர்த்த மயிலுக்குப் போர்வை எதற்கு? கொடுத்தவன் உள்ளம் குளிர்ந்தது. மயிலின் தேவையை யார் கேட்டார்?

பிரியும் இணையரும் இப்படித்தான். "அவன் இல்லாமல் என்னால் இருக்க முடியாது" என்பார் ஒருவர். "அவளிடம் விடமாட்டேன்" என்பார் மற்றவர். முன்னது தன் தேவை. பின்னது தன் பகை. நாயின் தேவை எங்கே? ஆகவே, கேட்க வேண்டியவை மூன்று. இதுவரை பேணிய கை எது? இனியும் பேண வல்ல இல்லம் எது? வீட்டிலே குழந்தை இருந்தால், குழந்தையும் நாயும் ஒருவரையொருவர் பிரியாமல் இருக்க வழி உண்டா?

கசப்பான உண்மை ஒன்றையும் மறைக்கலாகாது. பேணிய கை அவளுடையதாக இருந்தும், ஓர் அறை வாடகை வீட்டுக்கு அவள் செல்ல நேரலாம்; விலங்குக்கு இடமில்லை என வீட்டுக்காரர் கூறலாம். அப்போது, குற்றம் புரிந்த கணவனின் முற்றமே நாய்க்கு நல்லிடமாக அமையலாம். குற்றமற்றவளுக்கு மேலும் ஓர் இழப்பா எனக் கேட்பீர். ஆம், இழப்புத்தான், அநீதியுங்கூட. அந்த அநீதிக்கு ஈடாக அவளுக்குத் தக்க செலவுத்தொகையும் தங்க இடமும் கேட்போம், உரக்கக் கேட்போம். கிடைத்தால் நாயும் அவளோடு செல்லலாம். கிடைக்கும்வரை நாயைப் பட்டினியிலே கட்டிவைத்து அவளுக்கு நீதி வழங்க இயலாது. நாய், நல்லவருக்கு அளிக்கும் பரிசன்று. தீயவருக்கு விதிக்கும் தண்டனையுமன்று.

தாலிக்கயிறு அறுந்த பின்னும், நாயின் கழுத்துக் கயிறு அறுவதில்லை. அதன் மறுமுனை யார் கையில் என்பதல்ல கேள்வி. அந்தக் கை சோறு வைக்குமா என்பதே கேள்வி.

மறுநாள் சிறுவனை அழைத்தோம். "மணிக்கு இப்போது சோறு வைப்பது யார்?" என்றோம். "பள்ளி விட்டதும் பழைய வீட்டுக்குப் போய் நான்தான் வைக்கிறேன், ஐயா" என்றான்.

பெரியவர்கள் மறந்த வழக்கிலே, தீர்ப்பை அவனே எழுதிவிட்டான். அதை ஏற்று, மணியை அவனிடம் சேர்ப்பிக்கும் பொறுப்புத்தான் பெரியவர்களுக்கு மிச்சம். அவன் தாயிடமும் தந்தையிடமும் பேசச் செல்கிறோம் நாம்.