அரசு தன் ஆளைக் கூண்டிலேற்றுமா?

மலையகத்துப் பெண்கள் தலைநகரத்து வீடுகளுக்கு வேலைக்குச் செல்வது புதுமையன்று. 2023 மே மாதத்தில், அவ்வாறு பதுளையிலிருந்து சென்றிருந்த ஒரு தாய், நகை களவுபோனதென்ற முறைப்பாட்டின் பேரில் வெலிக்கடைப் பொலிஸாரால் கைது செய்யப்பட்டார். அவர் உயிரோடு வீடு திரும்பவில்லை.

அம்மரணம் எழுப்பும் கேள்வி பழையது. அரசின் பெயரால் அதிகாரம் செலுத்துபவன் காவலிலிருப்பவரை வதைத்தால், அரசு அவன்மீது குற்ற வழக்குத் தொடுக்கக் கடமைப்பட்டதா? அன்றி, நட்டஈட்டோடு கணக்கைத் தீர்த்துக்கொள்ளலாமா?

சட்டத்தின் விடை தெளிவானது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை சித்திரவதையை முற்றாகத் தடைசெய்கிறது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் அதற்கு ஏழு முதல் பத்து ஆண்டுச் சிறையை விதிக்கிறது. யுத்தகாலம் என்பதோ, மேலதிகாரியின் கட்டளை என்பதோ எதிர்வாதமாகாது என்றும் கூறுகிறது. இதைவிடத் தெளிவாக எழுத எவராலியலும்? குறை எழுத்திலில்லை.

வழக்குத் தொடுத்தால் காவற்படையின் ஊக்கம் குன்றிவிடும் என்பர் சிலர். கைநீட்டாமல் கடமை செய்யும் கொன்ஸ்தாபிளை இவர்கள் எண்ணிப்பார்ப்பதில்லை. அடித்தவன் பதவி உயர்வு பெறுவதைக் கண்டு குன்றுவது அவனுடைய ஊக்கமன்றோ? மேலும், வழக்குத் தொடுப்பதில் அரசுக்கு என்றுமே கூச்சம் இருந்ததில்லை. 1865ஆம் ஆண்டுத் தொழிற்சட்டத்தின் கீழ், சொல்லாமல் தோட்டத்தை விட்டுப்போன தொழிலாளியைச் சிறைக்கனுப்ப அது தயங்கவில்லை. அத்தண்டனைப் பிரிவுகள் நீங்க அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

நட்டஈடு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அது மட்டும் என்ன செய்யும்? 2023 டிசம்பரில், உயர் நீதிமன்றம் தேசபந்து தென்னகோன் என்ற அதிகாரியைச் சித்திரவதைக்குப் பொறுப்பாளியெனக் கண்டு, நட்டஈடு செலுத்தப் பணித்தது. ஒழுக்காற்று நடவடிக்கையும் வேண்டியது. அடுத்த பெப்ரவரியில் அவரே பொலிஸ் மா அதிபரானார்! 2024 ஜூலையில் நீதிமன்றமே அவரது பணியை இடைநிறுத்தியது. 2025 ஓகஸ்டில் பாராளுமன்றம் அவரைப் பதவி நீக்கியது. குற்ற வழக்கு முதலிலேயே தொடுக்கப்பட்டிருந்தால் அந்நாற்காலி அவருக்கு எட்டியிருக்குமா?

ஊவாவில் அரசு தன் ஆட்களைக் கூண்டிலேற்றிய வழக்கொன்றும் உண்டு. 2000 ஒக்டோபர் 25 அன்று, பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் ஒரு கும்பல் புகுந்து, அங்கே தடுத்து வைக்கப்பட்டிருந்த தமிழர் 25 பேருக்கு மேற்பட்டோரைக் கொன்றது. ஆயுதந்தரித்த பொலிஸார் அவ்விடத்திலேயே நின்றனர். 2003இல் பொலிஸ் அதிகாரிகள் இருவர் உட்பட ஐவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டு முடியுமுன்னரே ஐவரும் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர்.

சாட்சியம் போதாதபோது விடுவிப்பது நீதிமன்றின் கடமை. அதனை நாம் பழிக்கவில்லை. சாட்சியம் திரட்டியவர் யார் என்பதே நம் கேள்வி. பொலிஸார்மீதான புலன்விசாரணையைப் பொலிஸாரே நடத்தினர். வழக்கை நடத்திய சட்டமா அதிபரோ அரசின் சட்ட ஆலோசகருமாவார். பொலிஸ் திணைக்களத்துக்குக் கட்டுப்படாத புலனாய்வாளரும், அரசுக்கு ஆலோசனை கூறும் பொறுப்பில்லாத வழக்குத் தொடுநரும் வேண்டும். வெலிக்கடையில் கைதான அந்தத் தாயின் பிள்ளைகளுக்கு அரசு செலுத்தவேண்டிய கடன் அது.