வாதவூர் இருவர் கேண்மை

மதுரைக்கு வடகீழ்த்திசைக்கண் உள்ள மேலூர் வட்டத்தைச் சார்ந்தது திருவாதவூர். மணிவாசகப் பெருமான் அவதரித்த பதியாதலின் சைவர் யாவரும் அதனை அறிவர். சங்கப் புலவராகிய கபிலர் பிறந்ததும் அவ்வூரே என்பது மரபு. இவ்விருவர் வாழ்வையும் ஒருங்குவைத்து நோக்குவார்க்கு ஓர் ஐயம் நிகழும். முன்பின் அறியாத ஒருவரைக் காண்டலும், அக்காட்சியே பிரியாக் கேண்மையாய் முதிர்தலும் தற்செயலோ, வினைப்பயனோ, திருவருளோ என்பதே அது.

காரணமின்றிக் காரியம் இன்மையின், தற்செயலென்றல் நம் சித்தாந்தத்திற்கு ஒவ்வாது. வினையென்று கூறி ஒழியினும் இடர்ப்பாடு உண்டு. பிராரத்தம் நுகர்ந்தவழிக் கழிவது. கேண்மையோ நுகருந்தோறும் வளர்வது. கழிவதொன்று வளர்வதற்கு முதலாதல் யாங்ஙனம்? சடமாகிய வினையை அறிந்து கூட்டுவான் இறைவனாகலின், இருவர் எதிர்ப்படுதல் அவன் கூட்ட வந்த பிராரத்தம். எதிர்ப்பட்டபின் ஒருவர்பொருட்டு ஒருவர் செய்வன ஆகாமியம் என்பது எம் துணிபு. வழியிடைக் கண்டார் அனைவரும் நண்பராகாமை இதனாற் பெறப்படும்.

புலவர்க்கும் புரவலர்க்கும் உள்ள தொடர்பு பரிசிலொடு முடிதல் இயல்பு. கபிலர் பாரியரிடை அஃது அங்ஙனம் முடிந்திலது. பறம்பு இந்நாளிற் பிரான்மலை எனப்படும். சம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றமும் அதுவே. மூவேந்தர் பகையாற் பாரி மாய்ந்தபின், அவன் மகளிர் இருவரையும் உடன்கொண்டு விச்சிக்கோனிடத்தும் இருங்கோவேளிடத்தும் சென்று மணம் வேண்டி மறுக்கப்பட்டார் கபிலர். புறநானூற்று 236ஆம் பாட்டில் அவர் கூறுவது நெஞ்சை உருக்குவது. தம்மை உடன்வர விடாது இருக்கவென்று கூறிப் பாரி சென்றமை நட்பிற்கு ஒவ்வாதென முறையிட்டு, இம்மையிற்போல மறுமையினும் இருவரும் பிரியாதிருக்க ஊழை வேண்டுகின்றார்.

பிறப்பறுக்க விழைவார்க்கு இவ்வேண்டுகோள் குறையாகத் தோன்றும். நண்பன்பொருட்டு இன்னொரு பிறவி வேண்டுதல் பொன்விலங்கன்றோ எனின், விலங்கென்பது மெய்யே. ஆயினும் அதனை இழித்தற்கு யாம் ஒருப்படேம். இறந்தான் மகளிர்பொருட்டு வேந்தர் வாயில்தோறும் நின்ற ஒருவர்மாட்டு, யான் எனதென்னும் செருக்குச் சிறிதேனும் தேய்ந்திருத்தல் வேண்டும். கேண்மை முழுவதும் பாசமேயாயின், சிவஞானபோதம் பன்னிரண்டாஞ் சூத்திரம் மலங் கழுவினார்க்கும் அன்பர் கூட்டத்தை விதித்திராது. (பதினோராந் திருமுறைக் கபிலதேவ நாயனார் இவரின் வேறாவர் என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை. ஆகலின் அப்பாடல்களை ஈண்டுத் துணையாகக் கொண்டிலேம்.)

இனி வாதவூரர், பாண்டியன்பொருட்டுக் குதிரை கொள்ளச் சென்றவர், பெருந்துறையிற் குருந்தின்கீழ்ப் புதியரொருவரைக் கண்டார். அமைச்சும் அரசன் பொருளும் அக்காட்சியில் அவர் கருத்தினின்றும் ஒழிந்தன. பின்னர்ப் பெருமான் அடியாரொடு மறைந்தருள, இவர் பின்னே நிறுத்தப்பட்டார். இருக்கவென்னும் ஆணை இருவர்க்கும் ஒன்றேயாயிற்று. ஒருவர் எஞ்சிய நாளில் நண்பன் மகளிரைக் காத்தார். மற்றவர் திருவாசகம் பாடினார். ஒருவர் ஊழை வேண்டினார்; மற்றவர் அவ்வூழைக் கூட்டுவானையே வேண்டினார். வேற்றுமை இத்துணையே, அது சிறிதன்று.

கபிலர் வடக்கிருந்தார் என்று புறநானூற்றுக் குறிப்புக் கூறும். முதல் இராசராசன் காலத்துத் திருக்கோவலூர் வீரட்டானக் கல்வெட்டோ அவர் கனல் புக்கார் என்னும். பாரியின் மகட்கொடையை முடித்த பின்னரே அவர் உயிர் நீத்தார் என்பதில் இரண்டும் ஒத்துள்ளன.