பீலியும் பக்கத்து வீட்டாரின் ஹக்கும்

ஒக்டோபர் பிறந்ததும் மலைநாட்டில் பிற்பகல் இடிமழை தொடங்கிவிடும். அதற்கு முன்பே உடைந்த ஓட்டை மாற்றுகிறோம். ஒழுகும் இடத்துக்குத் தார் பூசுகிறோம். கூரையோரத்துப் பீலியை மட்டும் எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. தரையில் நின்றால் அதன் உட்புறம் தெரியாது. தெரியாததால் நினைவும் வருவதில்லை. பீலிக்கும் மார்க்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். மிக நெருங்கிய சம்பந்தம் உண்டு.

அரபியில் பீலிக்கு மீஸாப் என்று பெயர். கஃபாவின் கூரையிலிருந்து மழைநீரை ஹிஜ்ரு இஸ்மாயீலில் இறக்கும் மீஸாபை ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர்கள் கண்டிருப்பார்கள். மதீனாவில் ஹஸ்ரத் அப்பாஸ் (ரலி) அவர்களின் வீட்டிலும் ஒரு மீஸாப் இருந்தது. அது ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் பள்ளிக்குச் செல்லும் வழியின் மேல் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஜும்ஆ நாளன்று உமர் (ரலி) அவர்கள் நல்லாடை உடுத்தி அவ்வழியே வந்தபோது, அந்த வீட்டில் அறுக்கப்பட்ட இரண்டு கோழிக்குஞ்சுகளின் இரத்தம் கலந்த தண்ணீர் மீஸாப் வழியாக அவர்கள் மீது கொட்டிவிட்டது. அதைக் கழற்றிவிடும்படி கட்டளையிட்டுவிட்டு, வீட்டுக்குத் திரும்பி உடை மாற்றி வந்து தொழுகை நடத்தினார்கள். பின்னர் அப்பாஸ் (ரலி) அவர்கள் வந்து, அந்த இடத்தில் அதை வைத்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே என்று சத்தியமிட்டுச் சொன்னார்கள். உடனே கலீபா அவர்கள், தமது முதுகின் மேல் ஏறி நின்று அதே இடத்தில் மீண்டும் பொருத்தும்படி அப்பாஸ் (ரலி) அவர்களை வற்புறுத்தினார்கள், அவ்வாறே செய்யப்பட்டது. இமாம் அஹ்மத் அவர்களின் முஸ்னதில் இச்சம்பவம் பதிவாகியுள்ளது.

கலீபாவின் பணிவைக் காட்டவே இதை நாம் வழக்கமாக எடுத்துச் சொல்கிறோம். ஆனால் முதலில் அவர்கள் அதைக் கழற்றச் சொன்னது ஏன் என்பதையும் கவனிக்க வேண்டும். நம் வீட்டுத் தண்ணீர் பிறர் மீது விழலாகாது என்பதே அவர்களின் கவலை. "பாதை மேல் பீலி வைக்க ஹதீஸில் ஆதாரம் இருக்கிறதே" என்று இச்சம்பவத்தின் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொள்வோரும் நம்மிடையே இல்லாமல் இல்லை. நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் சட்டத்தை இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் தெளிவாக்குகிறார்கள். பொதுப்பாதையின் பக்கம் மீஸாபை நீட்டி வைப்பது ஆகும். ஆனால் அதனால் எதுவும் சேதமானால், இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களின் பிந்திய சொல்லின்படி வீட்டுக்காரர் ஈடு கொடுக்க வேண்டும். அனுமதியும் பொறுப்பும் இங்கே ஒரே மூச்சில் சொல்லப்பட்டிருக்கின்றன.

பாதையில் போவோர் விஷயமே இப்படியென்றால், சுவரோடு சுவர் ஒட்டி வாழும் அயலவரின் ஹக்கு எவ்வளவு பாரமானது! எமக்குத் தெரிந்த ஓர் ஊரில், ஆறு பேர்ச்சஸ் காணியை இரண்டாக்கிக் கட்டிய இரு வீடுகள். மேட்டில் பைனஸ் தோப்பு. ஒரு வீட்டுப் பீலி அடைத்துக்கொண்டு பின்விளிம்பால் வழிந்து, அடுத்த வீட்டுக் குசினிச் சுவரை இரண்டு மாரிகள் நனைத்தது. சாந்து உதிர்ந்தது, பாசி பிடித்தது. முதலில் முணுமுணுப்பு, பிறகு ஏச்சு, அதன் பிறகு ஸலாமும் நின்றுபோயிற்று. மூன்று நாட்களுக்கு மேல் ஒரு முஸ்லிம் தன் சகோதரனை வெறுத்து விலகியிருப்பது ஆகாது என்பதை இரு வீட்டாரும் அறிவர். ஆனாலும் ஒரு பெருநாள் அப்படியே கழிந்தது. பள்ளி நிர்வாகம் வரை வழக்கு வந்து, காணி உறுதியையும் அளவு நூலையும் எடுத்துக்கொண்டு போனார்கள். போனவர்களில் ஓர் இளைஞர் ஏணி வைத்து ஏறி, வாய்க்குழாயிலிருந்து இரண்டு கைப்பிடி இலையை இழுத்தெடுத்தார். தண்ணீர் தானாக இறங்கிற்று. சாந்து பூசும் செலவைப் பீலிக்காரர் ஏற்றுக்கொண்டார். ஸலாம் திரும்ப இன்னும் சில மாதங்கள் பிடித்தன.

இந்தப் பைனஸ் இலையின் குணத்தை மலைநாட்டார் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 1970களிலும் 1980களிலும் மலைச்சரிவுகளில் பெருமளவில் நடப்பட்ட மரம் இது. பலா இலையோ மா இலையோ விழுந்தால் கையால் அள்ளிவிடலாம். பைனஸ் இலை ஊசி போல நீண்டது; குழாய் வாயில் குறுக்கும் நெடுக்குமாகப் படிந்து வலை பின்னிவிடும். அந்த வலையில் தூசியும் மண்ணும் ஓட்டுப் பாசியும் தங்கும். கம்பி வலை போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களும் ஏமாறுகிறார்கள். ஊசி இலை வலைக் கண்ணுக்குள் குத்தி நிற்கும்.

சுவர் நனைவது சிறிய நஷ்டம். தேங்கிய நீரில் உண்டாகும் நுளம்பு அதைவிடப் பெரியது. 2017இல் நம் நாட்டில் 1,86,000க்கும் அதிகமானோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாகினர். 400க்கும் மேற்பட்டோர் மரணித்தனர். டெங்கு நுளம்பு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான ஓரத்தில் முட்டையிடும். நீர் வற்றினாலும் அம்முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். முட்டை நுளம்பாகப் பறக்க ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரை போதும். ஆகவே வருடத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்துவிட்டு இருந்துவிட முடியாது. மாரியில் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். வெறுமனே தண்ணீரை வடித்துவிடாமல் உட்புறத்தைத் தேய்த்தும் கழுவ வேண்டும். நம் பீலியில் பிறந்த நுளம்பு நம்மை விட்டுவிட்டு அடுத்த வீட்டுத் தொட்டில் பிள்ளையைக் கடிக்கலாம். அயலவன் எவனுடைய தீங்கிலிருந்து அச்சமற்று இருக்கவில்லையோ அவனுடைய ஈமானைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மும்முறை சத்தியமிட்டு எச்சரித்திருப்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

பீலித் தண்ணீரைத் தொட்டியில் சேர்த்து வுழூ செய்வோருக்கு ஒரு மஸ்அலா. தானாக விழுந்த இலையால் தண்ணீரின் நிறமோ சுவையோ மணமோ மாறியிருந்தாலும் வுழூ கூடும்; தவிர்ப்பது கடினம் என்பதால் ஷரீஅத் அதைப் பொறுத்துக்கொள்கிறது. ஆனால் குப்பை நிறைந்த பீலியில் எலியும் செத்துக் கிடக்கும். குல்லத்தைன், அதாவது ஏறத்தாழ 200 லீற்றர் அளவுக்குக் குறைந்த தண்ணீரில் நஜீஸ் பட்டால், மாற்றம் தெரியாவிட்டாலும் அது நஜீஸாகிவிடும். பீலியின் அசுத்தம் தொழுகை வரை வந்து சேர்வது இப்படித்தான்.

வேலை பெரிதல்ல. மழைக்கு முன் கையுறை போட்டு இலையை அள்ளி, ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். பத்து அடிக்குக் கால் அங்குலமாவது குழாய்ப் பக்கம் சரிவு வேண்டும். தாங்கும் கம்பி வளைந்திருந்தால் நிமிர்த்த வேண்டும். பீலி அவசியமில்லாத பக்கத்தில் அதைக் கழற்றிவிடுவதே மேல் என்பது எமது அபிப்பிராயம். ஏணியைக் கீழே ஒருவர் பிடித்திருக்கட்டும். ஈர ஓட்டின் மேல் சிறுவர்களை ஏற்றக் கூடாது. கூலிக்கு ஆள் வைத்தால், அவருடைய வியர்வை காயுமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும்.

அள்ளிய இலையை எல்லைச் சுவருக்கு அப்பால் வீசுவோரும் உண்டு. அது ஒரு தீங்கை அகற்றி இன்னொன்றை வைப்பதாகும். காய்ந்த பைனஸ் இலை சட்டெனத் தீப்பற்றும். ஆகவே வீட்டோரம் குவிக்கவும் கூடாது. மரக்கறிப் பாத்திக்கு மூடாக்காகப் போட்டால் மண் ஈரம் காக்கும். அடுத்த வீட்டில் பாத்தி இருந்தால், வேண்டுமா என்று கேட்டுவிட்டு ஒரு சாக்கு கொடுத்தனுப்பலாம்.