எதற்காக என்கிற சொல்

எபிதீலியத் திசுவுக்குள் இரத்தக் குழாய் நுழையாது. அடியிலிருக்கும் திசுவிலிருந்துதான் அதற்கு உணவும் பிராணவாயுவும் கசிந்து வரும். திசுவியல் மாணவர்கள் தொடக்கத்திலேயே படிக்கிற விதி. உட்செவியில், நத்தைக்கூட்டின் வெளிச்சுவரை ஒட்டிய ஒரு பட்டை இந்த விதியை மீறுகிறது. ஸ்ட்ரியா வாஸ்குலாரிஸ் என்று பெயர். மூன்று வகைச் செல்கள், அவற்றுக்குள்ளேயே பின்னிக் கிடக்கும் தந்துகிகள். இத்தாலியரான அல்ஃபோன்ஸோ கோர்ட்டி 1851இல் இதை விவரித்தார்.

ஒலியை உணரும் மயிர்ச்செல்களுக்கு நடுவிலோ இரத்தக் குழாய் கிடையாது. பட்டை தள்ளி நின்று பொட்டாசியத்தை அகநிணநீருக்குள் இறைத்து, ஏறத்தாழ 80 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தைக் காத்துத் தருகிறது. சத்தம் வீட்டுக்குள் வராமலிருக்க ஜெனரேட்டரைக் கொல்லைப்புறத்தில் வைப்போமே, அதுபோல. நம் நாடித்துடிப்பே நமக்குக் கேட்டுவிடாமலிருப்பதற்காக இந்த ஏற்பாடு என்று சொல்வதுண்டு. அழகான விளக்கம்தான். அந்த 'அதற்காக'தான் எனக்கு இடறுகிறது. மயிர்ச்செல்களைத் தாங்கும் படலத்துக்கு அடியில் ஒரு சிறு குழாய் ஓடத்தானே செய்கிறது?

இன்னொன்று. பட்டையில் பொட்டாசியத்தைக் கடத்த உதவும் புரதத்துக்குச் சிறுநீரகத்தில் ஒரு உடன்பிறப்பு உண்டு. அங்கே அதன் வேலை உப்பை மீட்பது. ஃபுரோசிமைட் என்கிற மருந்து இரண்டையும் அடைக்கும். இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்தவர்களுக்கு அது உயிர்காக்கும் மருந்து. அதிக அளவில், வேகமாக நரம்பில் ஏற்றினால் காது மங்கலாம், பெரும்பாலும் திரும்பிவிடும்.

என் அம்மாவுக்கு அப்படி மங்கியது. கொடுத்தது சரிதான், மூச்சு முதலில். ஆனால் அவள் கேட்டாள்: "மூச்சைக் குடுத்துட்டு காதை எடுத்துக்கிட்டானாடா?"

கொடுக்கவுமில்லை, எடுக்கவுமில்லை, அப்படி ஒருத்தனே இல்லை என்பது என் கட்சி. மருந்துக்குக் காது எது, சிறுநீரகம் எது என்று தெரியாது. படுக்கையில் கிடப்பவளிடம் இதைச் சொல்வது நேர்மையா, வெறும் பிடிவாதமா? அவள் கேள்வியில் ஒரு கணக்கு இருந்தது. கணக்கு என்று இருந்தால் நன்றி சொல்லவும் சண்டை பிடிக்கவும் ஒரு ஆள் கிடைக்கிறான். அந்த ஆளை அப்புறப்படுத்திவிட்டு அந்த இடத்தில் நான் எதை வைப்பேன்? ஒரு புரதத்தின் பெயரையா? அவளுக்காக ஆமாம் போடவும் மனம் வரவில்லை. நம்பாததைச் சொல்லி ஆறுதல் தருவது அவளைக் குழந்தையாக்குவது.

காதருகே குனிந்து, "மருந்து வேகமா உள்ள போனதால வந்ததும்மா, சரியாயிடும்" என்று உரக்கச் சொன்னேன். அவள் கேட்டது எதற்காக என்று. நான் சொன்னது எப்படி என்று. தலையாட்டினாள். காதில் விழுந்துதான் ஆட்டினாளா, தெரியாது.