மணிக்கூட்டை ஏன் தொட வேண்டும்?

ஜூன் மாதத்தில் லண்டனில் சூரியன் 4.43க்கு உதிக்கிறது. வானம் அதற்கு முக்கால் மணிநேரம் முன்பே வெளுத்துவிடும். பின்னேர வேலை முடித்து நடுச்சாமம் தாண்டிப் படுப்பவர்களுக்கு இதைவிடக் கொடிய வெளிச்சம் இல்லை. அந்த 4.43கூட ஏற்கெனவே ஒரு மணிநேரம் தள்ளிப்போட்ட கணக்குத்தான். மணிக்கூட்டைத் தொடாமல் விட்டிருந்தால் விடியல் 3.43க்கு வந்திருக்கும். அதற்காகத்தான் மார்ச் கடைசி ஞாயிறு அதிகாலை ஒரு மணியை இரண்டாக்குகிறார்கள். ஒக்டோபர் கடைசி ஞாயிறு இரண்டு மணியைத் திரும்ப ஒன்றாக்குகிறார்கள்.

கைபேசி தானே மாறிக்கொள்ளும். அடுப்பிலும் காரிலும் உள்ள மணிக்கூடுகளை நாம்தான் மாற்ற வேண்டும். பல பேர் கார் மணிக்கூட்டை அப்படியே விட்டுவிடுவார்கள், ஆறேழு மாதத்தில் அது மறுபடி சரியாகிவிடும் என்று. இது சின்ன எரிச்சல். பெற்றோல் நிலையத்தில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை நிற்பவருக்கு ஒக்டோபரில் அந்த ஓர் இரவு ஒன்பது மணிநேரம், மார்ச்சில் ஏழு. நான் வேலை செய்த ஓரிடத்தில், மார்ச்சில் ஒரு மணிநேரச் சம்பளத்தைக் கழிக்க முதலாளி ஒருபோதும் மறந்ததில்லை. ஒக்டோபரில் கூட்டிக் கொடுக்கத்தான் ஞாபகம் வராது.

இங்கிலாந்தில் இந்த யோசனையைத் தூக்கிப் பிடித்தவர் வில்லியம் வில்லெற், வீடு கட்டி விற்பவர். அதிகாலையில் குதிரைச் சவாரி போனபோது விடிந்த பின்னும் வீடுகளின் சன்னல் திரைகள் மூடியே இருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. 1907இல் ஒரு சிறு நூல் எழுதி அச்சிட்டார். ஏப்ரல் மாதத்து நான்கு ஞாயிறுகளில் இருபது இருபது நிமிடமாக மணிக்கூட்டை முன்தள்ள வேண்டும் என்பது அவருடைய திட்டம். நாடாளுமன்றம் ஏற்கவில்லை. 1915இல் அவர் இறந்துபோனார். அடுத்த வருடம் போர்க்காலத்தில் நிலக்கரியை மிச்சப்படுத்த ஜெர்மனி முதலில் மாற்றியது. சில வாரங்களில் பிரிட்டனும் மாற்றியது. அவர் சவாரி போன பெற்ஸ் வூட் காட்டில் அவருக்கு நினைவுச் சின்னமாக ஒரு சூரியக் கடிகாரம் நிற்கிறது. அது காட்டுவதும் கோடைகால நேரந்தான்! நிழலைக்கூட ஒரு மணிநேரம் நகர்த்தி வைத்திருக்கிறார்கள்.

இதே வைத்தியத்தை 1996இல் இலங்கையில் பார்த்தோம். மழை பொய்த்து, நீர்மின் நிலையங்களின் நீர்த்தேக்கங்கள் வற்றி, மின்வெட்டு நாட்டைப் போட்டு வாட்டியது. அந்த மே மாதம் அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணிநேரம் முன்தள்ளியது. ஒக்டோபரில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. மிச்ச அரை மணி 2006 சித்திரைப் புத்தாண்டோடுதான் திரும்பி வந்தது. லண்டனில் மிக நீண்ட பகல் பதினாறரை மணிநேரத்துக்கு மேல். மிகக் குறுகியது எட்டு மணிநேரமும் இல்லை. யாழ்ப்பாணத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு மணிநேரம் சொச்சம். கோடைக் காலையில் மிஞ்சிக் கிடக்கும் வெளிச்சமே அங்கு இல்லாதபோது எதை எடுத்து மாலைக்குக் கொடுப்பது? பிள்ளைகள் இருட்டில் எழும்பிப் பள்ளிக்கூடம் வெளிக்கிட்டதுதான் மிச்சம்.

புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. 2002இல் ஏ9 வீதி திறந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா போகிறவருக்கு, முகமாலையைத் தாண்டினால் பழைய நேரம், ஓமந்தையைத் தாண்டினால் திரும்பவும் புது நேரம். ஒரே சூரியன், ஒரே பனைமரம், இரண்டு மணி. “பழைய நேரமோ, புது நேரமோ?” என்று கேட்காமல் எவரோடும் ஒரு சந்திப்பை ஒழுங்கு செய்ய முடியாது. மணிக்கூடு சூரியனைச் சொல்வதைவிட அந்த இடத்தை ஆள்வது யார் என்பதைத்தான் சொல்கிறது என்பது அங்கேதான் எனக்கு விளங்கியது.

சூரியனை வைத்துக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. உதயம் முதல் அஸ்தமனம் வரையான பொழுதை எட்டாக வகுத்தால் அதில் ஒரு பங்கு ராகு காலம். ஊரில் அது ஏறத்தாழ ஒன்றரை மணிநேரம். லண்டனில் ஜூன் ஞாயிறு என்றால் மாலை ஏழேகாலுக்குத் தொடங்கி ஒன்பது இருபது வரை. டிசம்பரில் மூன்று மணியளவில் தொடங்கி நான்குக்கு முன்னே முடிந்துவிடும். ஆனால் இங்கே நம்மவர் வீடுகள் பலவற்றில் ஞாயிறு என்றால் இன்னும் நாலரையிலிருந்து ஆறுதான். நம்பிக்கை உள்ளவர்களே சூரியனை விட்டுவிட்டு மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டோம்.

ரயிலும் மருத்துவமனையும் பொது நேரம் இல்லாமல் நடக்காது என்பது எனக்குத் தெரியும். என் கோபம் பொது நேரத்தின் மேல் இல்லை; அதை வருடத்துக்கு இரண்டு தரம் ஆட்டிவைப்பதன் மேல். நேரத்தோடு எழும்பினால் நல்லது என்று சொன்னால் எவரும் கேட்கமாட்டார்கள், மணிக்கூட்டை மாற்றிவிட்டால் கேள்வி கேட்காமல் எழும்பிவிடுவார்கள் என்பதுதான் வில்லெற்றின் முழுத் தந்திரம். அது பலிக்கிறது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். என்றாலும் பழக்கத்தை மாற்ற மனமில்லாமல் அளவுகோலை மாற்றுவது, வளர்ந்தவர்கள் தங்களைத் தாங்களே ஏய்த்துக்கொள்வதுதான். நீர்த்தேக்கம் வற்றினாலும் அதே மருந்து, தூக்கம் கூடினாலும் அதே மருந்து.

மாற்றாமல் விடுவதென்றால் எந்த நேரத்தில் விடுவது? கோடை நேரத்தையே வருடம் முழுக்க வைத்திருந்து பிரிட்டன் 1968 முதல் 1971 வரை பார்த்தது. ஸ்கொட்லாந்தின் வடக்கே டிசம்பரில் விடியவே பத்து மணியானது. 1970இல் 366க்கு 81 என்ற வாக்கில் நாடாளுமன்றம் அதைக் கைவிட்டது. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019இல், 2021ஓடு இந்த மாற்றம் போதும் என்று வாக்களித்தது. அரசாங்கங்கள் ஒத்துவராததால் அங்கேயும் மணிக்கூடுகள் இன்னும் முன்னும் பின்னும் போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

என் தீர்ப்பு குளிர்கால நேரத்துக்குத்தான். நடுப்பகலில் சூரியன் உச்சிக்குக் கிட்ட நிற்கட்டும். மாலை வெளிச்சம் வேண்டுமென்றால் கந்தோரையும் பள்ளிக்கூடத்தையும் கோடையில் ஒரு மணிநேரம் முந்தித் திறக்கலாம். இரவு வேலைக்காரரின் சம்பளத்தில் யாரும் கைவைக்கத் தேவையில்லை. ஜூனில் விடியல் 3.43க்கு வந்துவிடுமே என்பீர்கள். வரட்டும். வெளிச்சத்தை மறைக்கும் தடித்த சன்னல் துணி இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, வாங்கிப் போடுங்கள்.